பன்னிரண்டு புள்ளியும் ஒரு துண்டுப் பாணும்

போன சனிக்கிழமை எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. மாம்பழ நிறம், ஜரிகைக் கரை, ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் வாங்கியது. விலைச் சீட்டைக்கூட யாரும் கழற்றவில்லை.

அதைப் போர்த்துக்கொண்டு நான் கேமராவைப் பார்த்துச் சிரித்த அந்த மூன்று நிமிடங்களில்தான் எல்லாம் நடந்து முடிந்தது... என் முதுகுக்குப் பின்னால்.

ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு வந்து மோதும் வருடாந்தப் போட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, டிவியில் மூன்று மணி நேரம், நிறைய மினுங்கும் சட்டைகள். நம்மவர் வீடுகளில் அதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்கு வாடகை வீடியோவில் தமிழ்ப் படம் ஓடும். ஆனால் இந்த வருடம் ஈஸ்ட் ஹாமில் ஒரே வீட்டில் நாற்பத்தொரு பேர் அதைப் பார்க்கக் கூடினோம். (எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது.)

காரணம், பத்மா அக்காவின் கணவர் கேதீஸ் அண்ணை.

கேதீஸ் அண்ணை தவில்காரர். எட்டு வருடத்துக்கு முன் ஓர் ஏஜென்ட், லண்டன் என்று சொல்லி அவரை வடக்கே ஒரு குளிர் நாட்டில் இறக்கிவிட்டு மறைந்துபோனார். இரண்டு மாதம் கழித்து வேறொரு ஏஜென்டோடு, வயிற்றில் பிள்ளையுடன் புறப்பட்ட பத்மா அக்கா சரியாக லண்டனில் வந்து இறங்கினார். இருவரிடமும் ‘உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்ற கடிதங்கள் உண்டு. பாஸ்போர்ட் இல்லை. அவர் இங்கே வர முடியாது. இவர் அங்கே போக முடியாது.

அந்தப் பிள்ளை அபிக்கு இப்போது ஏழு வயது. அப்பாவின் குரலைப் போனில் கேட்டிருக்கிறாள். அப்பாவை ஐந்து போட்டோக்களில் பார்த்திருக்கிறாள். அசைகிற அப்பாவைப் பார்த்ததே இல்லை.

அவர் இருக்கும் நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. மனு இன்னும் யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்கிறது, எதற்கு வம்பு? போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் ‘கேதீஸ் அண்ணையின் நாடு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாடு இன்னும் அவரைத் தன்னுடையவர் என்று சொல்லவில்லை. பரவாயில்லை, நாம் முந்திக்கொள்வோம்.

அங்கே அவர் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறார். போன கோடையில் ஊர்த் திருவிழா ஒன்றில் தவில் வாசித்திருக்கிறார். அதை ஓர் இசையமைப்பாளர் கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டுத்தான் பிறகு அந்த நாட்டின் பாட்டாகத் தேர்வானது. நடுவில் எட்டு விநாடி தவில். மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது போட்டி விதி. ஆறாவது ஆள் கேதீஸ் அண்ணை. போன வருடம் அந்த நாடே வென்றதால் இந்த வருடம் போட்டியும் அங்கேயே. எல்லை தாண்ட வேண்டியதில்லை, கடிதம் போதும்.

ஒரே ஒரு குறை. தவில் சத்தம் முன்கூட்டியே நாடாவில் பதிவாகிவிட்டது. மேடையில் அவர் அடிக்கிற மாதிரி அடிக்க வேண்டும். சத்தம் வரக் கூடாது.

“அடியாமல் அடிக்கச் சொல்லுறாங்கள், பத்மா. உள்ளுக்குப் பஞ்சு வச்சிருக்கினம்” என்று போனில் புலம்பினாராம்.

“அது கிடக்கட்டும். சாப்பிட்டிட்டியளோ?” என்று கேட்டாராம் பத்மா அக்கா.

இந்தக் கேள்வியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பத்மா அக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். எட்டு வருடமாக அவர் “ஓம், ஓம்” என்கிறார். எட்டு வருடமாக இவர் நம்பவில்லை. “அவருக்குச் சோறு வடிக்கவும் தெரியாது. பொய் சொல்லுறார்” என்பார் ரிசீவரை வைத்ததும்.

இனி என் பங்கு. நான் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். எதையும் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்காமல் தொட மாட்டேன். நம்மவர்களுக்கு இது போதும். “நீர் எஞ்சினியர் எல்லோ!” என்று ரைஸ் குக்கர் முதல் ரயில் தாமதம்வரை என்னிடம்தான் வருகிறது. ஆகவே அந்த மூன்று நிமிடத்தை வீடியோவில் பிடித்துத் தரும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டிலிருந்து ரயில் மாறி நாலு மணிக்கே பத்மா அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். கையில் பதினான்கு வரிப் பட்டியல். புது நாடா. வீடியோ டெக்கின் ஹெட்டைத் துடைத்தாயிற்றா? கடிகாரம்? ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினால் திரையில் இரட்டையாகத் தெரியும் பேய் உருவம் மறைகிறது? வானிலை அறிக்கையை ஐந்து நிமிடம் பதிவு செய்து ஓட்டிப் பார்த்தேன், தெளிவு. பதினான்காவது வரி: ‘பிளக்’. டிக் போட்டேன்.

எத்தனை மணிக்குப் போட்டேன்? ஏழு மணிக்கு. இதை நினைவில் வைத்திருங்கள்.

ஏழரைக்கு யோகராசா அண்ணை வந்தார். ஹை ஸ்ட்ரீட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், ஊர்ச் சங்கத் தலைவர், நல்ல மனிதர். அவரிடம் ஒரு மைக் செட் உண்டு. பிறந்தநாள், பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடு, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எதுவானாலும் யோகராசா அண்ணை வந்தால் மைக்கும் வரும். அன்றும் வந்தது. பன்னிரண்டடி முன்னறைக்கு.

“அண்ணை, மைக் எதுக்கு?” என்றேன்.

“தங்கச்சி, ஒரு நாட்டுக்காக எங்கட ஆள் மேடை ஏறுறான். சும்மா ரீவியைப் பாத்திட்டு வடையைத் திண்டிட்டுப் போறதே? இரண்டு வார்த்தை கதைக்க வேணும்.”

நம்மவர்களின் இரண்டு வார்த்தை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

எட்டு மணிக்குப் போட்டி தொடங்கியது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். கேதீஸ் அண்ணையின் நாடு பதினேழாவது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு... யாரும் கேட்கவில்லை. ரோல்ஸ் வந்தது, வடை வந்தது. அபி புதுச் சட்டையோடு டிவிக்கு ஓரடி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பி, “இஸ் திஸ் அப்பா?” என்று கேட்டாள். “இல்லையம்மா, இன்னும் கிடக்கு” என்றார் பத்மா அக்கா.

பதினான்காவது பாட்டு முடிந்ததும் யோகராசா அண்ணை எழுந்தார்.

“பதினேழாவதுதானே? நேரம் கிடக்கு. அதுக்குள்ள ஒரு சின்னக் கௌரவிப்பை முடிச்சுப்போடுவம்.”

கௌரவிப்பை எங்கே வைப்பது? எல்லோரும் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே டிவியின் முன்னால். முறைப்படி சரிதான், அதுதான் மேடை. அபியை எழுப்பி அம்மாவுக்குக் கொடுக்கப் பூச்செண்டு ஒன்றைக் கையில் திணித்தார்கள். மைக் ‘கூ...’ என்று ஊளையிட்டது. டிவி சத்தம் மைக்கில் விழுகிறது என்று யாரோ டிவி சத்தத்தை அடியோடு குறைத்தார்கள்.

நான் எங்கே இருந்தேன்? இரண்டாம் வரிசையில், கடிகாரத்தைப் பார்த்தபடி. பாட்டு மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிடம். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நான் கவலைப்படவில்லை. வீடியோதான் ஓடுகிறதே!

“பேரன்புமிக்க பெரியோர்களே, தாய்மார்களே...” என்று தொடங்கிய யோகராசா அண்ணை, தவிலின் தோற்றத்தில் ஆரம்பித்து, ஏஜென்ட்மாரைக் கொஞ்சம் திட்டி, சங்கத்தின் வரலாற்றைத் தொட்டு, ஆறாவது நிமிடத்தில் பத்மா அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல். போட்டோ. எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், டிவியின் சத்தத்தைக் கூட்டலாம் என்று.

“அதோட, இண்டைக்கு இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பா நிக்கிற எங்கட எஞ்சினியர் தங்கச்சி! வாரும் பிள்ளை, வெக்கப்படாமல் வாரும்!”

இரண்டாவது பொன்னாடை ஒன்று அவர் பையில் இருந்தது எனக்குத் தெரியாது.

மறுத்திருக்கலாம். ‘பாட்டு முடியட்டும் அண்ணை’ என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் நான் பழுது பார்த்த எந்த இயந்திரத்துக்கும் ஒருவரும் கைதட்டியதில்லை. போய் நின்றேன், டிவிக்கு முதுகைக் காட்டி. “இஞ்சால பாருங்கோ, இன்னொண்டு, கொஞ்சம் சிரியுங்கோ.” சிரித்தேன்.

பத்மா அக்கா என் பக்கத்தில் நின்றார். திடீரென்று தலையைச் சாய்த்தார். நாற்பது பேரின் கைதட்டலுக்குள், சத்தம் குறைத்த டிவிக்குள், அவருக்கு மட்டும் ஏதோ கேட்டிருக்கிறது. திரும்பினார். நானும் திரும்பினேன். திரையில் ஒரு பெண் தலை குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள். மேலிருந்து எடுத்த காட்சி. ஆறு பேரும் சிறு புள்ளிகளாக. அடுத்த விநாடி வேறொரு நாட்டின் கொடி.

“முடிஞ்சுது” என்றார் பத்மா அக்கா.

மைக் அணைந்தது. யோகராசா அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் மட்டும் அமைதியாக இருந்தேன். “பரவாயில்லை அண்ணை, வீடியோவில இருக்கு” என்று சொல்லி, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு வீடியோ டெக்கின் முன் குனிந்தேன்.

சிவப்பு விளக்கு இல்லை. கடிகாரமும் இல்லை. இருட்டு.

சுவர் ஓரத்து எக்ஸ்டென்ஷனில் நாலு துளைகள். ஒன்று டிவி. ஒன்று பிள்ளையார் படத்து விளக்கு, அதை அணைக்கலாமா? ஒன்று தேநீர்க் கேத்தல், நாற்பது பேர் வந்திருக்கிறார்களே! மிச்சம் ஒன்று. மைக் செட்டுக்கு இடம் வேண்டுமென்று யோசித்தவர், பார்வைக்குச் சும்மா கிடந்த கறுப்புப் பெட்டியின் பிளக்கைக் கழற்றியிருக்கிறார். யார் என்று கேட்கவில்லை. அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் கழற்றியிருப்பீர்கள்.

வேறு யாராவது தங்கள் வீட்டில் பதிவு செய்திருக்கலாமே? செய்யலாம்தான். ஆனால் வீடியோ வைத்திருந்த எல்லோரும் இந்த வீட்டுக்குத்தான் வந்திருந்தார்கள், “எஞ்சினியர் எடுக்கிறா, பிறகு கொப்பி அடிக்கலாம்” என்று.

அபி பூச்செண்டோடு அப்படியே நின்றாள். “வாஸ் தட் அப்பா?” என்று கேட்டாள். பத்மா அக்கா பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். “தேத்தண்ணி போடுறன்” என்றார். கேத்தல் முன்னறையில் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் மைக்கின் பிளக்கைக் கழற்றினேன். வீடியோவைச் செருகி, பதிவை மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

பாட்டுகள் முடிந்ததும் ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளுக்குப் புள்ளி கொடுக்கும். அதிகபட்சம் பன்னிரண்டு. பன்னிரண்டு விழும்போதெல்லாம் கேமரா மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் அந்த நாட்டு ஆட்களைச் சில விநாடி காட்டும். ஆறு பேரையும்.

இதைச் சொன்னேன். அறை உயிர்பெற்றது.

“அப்ப எங்களுக்கு ஒரு பன்னிரண்டு விழுந்தால் காணும்!”

“ஒண்டே ஒண்டு. வெல்லத் தேவையில்லை.”

“பாட்டு நல்லதோ?”

“ஆருக்குத் தெரியும்? நாங்கள் கேட்டனாங்களே!”

நியாயமான பதில்.

கணக்குப் புத்தகத் தாளில் கோடு போட்டு அட்டவணை தயார் செய்தேன். நாடுகள் ஒவ்வொன்றாகப் போனில் வந்தன. எல்லோரும் முதலில் மாலை வணக்கம் சொன்னார்கள், அருமையான நிகழ்ச்சி என்று பாராட்டினார்கள், பிறகுதான் புள்ளிக்கு வந்தார்கள். மூலையில் இருந்த யோகராசா அண்ணை மெல்லிய குரலில், “பாத்தியளே, அவையும் இரண்டு வார்த்தை கதைச்சிட்டுத்தான்...” என்றார். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வடையைக் கடித்தார்.

முதல் ஐந்து நாடுகள்: பூஜ்யம். ஆறாவது நாடு ஒன்று கொடுத்தது. பிறகு ஒரு மூன்று. பிறகு வரிசையாக மறுபடி பூஜ்யம். லண்டன் முறை வந்தபோது அறை நிமிர்ந்தது, நம்முடைய லண்டன் அல்லவா? லண்டன் எட்டுத் திசைக்கும் அள்ளிக் கொடுத்தது. கேதீஸ் அண்ணையின் நாட்டுக்கு ஒன்றும் இல்லை.

“கவுன்சில் டாக்ஸ் ஒழுங்கா எடுக்கத் தெரியுது, ஒரு பொயின்ற் தரத் தெரியேல்லை!” என்றார் ஒரு மாமி. அந்த மாமி அதுவரை எந்தத் தேர்தலிலும் இவ்வளவு உணர்ச்சிவசப்பட்டதாக நினைவில்லை.

பன்னிரண்டு விழுந்த ஒவ்வொரு முறையும் கேமரா யாரோ ஒரு கூட்டத்தைக் காட்டியது. கட்டிப்பிடித்தார்கள், கையசைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அபி திரையில் மூக்கு முட்டத் தேடினாள். நான் அவள் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு ஒரு விதி போட்டேன்: “ஒருத்தரும் எழும்பக் கூடாது. எழும்பினால் ரீவியின்ர பிளக்கையே கழற்றுவன்.” சம்மதித்தார்கள்.

கடைசி நாடு. என் அட்டவணையில் கேதீஸ் அண்ணையின் நாட்டுக்கு மொத்தம் நாலு. கடைசிக்கு முந்திய இடம். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று... பத்துவரை வேறு நாடுகளுக்குப் போயிற்று. நான் பேனாவை மூடினேன்.

பன்னிரண்டு... கேதீஸ் அண்ணையின் நாட்டுக்கு.

ஏன் கொடுத்தார்கள்? இன்றுவரை தெரியாது. அங்கே யாருக்கோ அந்த எட்டு விநாடி பிடித்திருக்க வேண்டும்.

என் விதியா? நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முதலில் எழுந்து எனக்கு முன்னால் பாய்ந்தவர் யோகராசா அண்ணை. அவருடைய கோட்டின் வாலைப் பிடித்து இழுத்ததில் நான் பார்த்தது அவருடைய முதுகை மட்டும். சத்தம் கேட்டுப் பத்மா அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தபோது திரையில் மறுபடி புள்ளிப் பலகை.

அபி மட்டும் திரைக்கு முன்னால், ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“பாத்தனியோ? அப்பாவைப் பாத்தனியோ?” பத்மா அக்கா மண்டியிட்டார்.

“யெஸ்.”

“அப்பா என்ன செய்தவர்? கை காட்டினவரோ?”

அபி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. “நோ, அம்மா. எல்லாரும் ஜம்ப் பண்ணினவை. அப்பா ஈட்டிங்.”

“என்ன?”

“ஹீ வாஸ் ஈட்டிங். பாண்.”

அறை சிரித்தது. பிள்ளை எதையோ உளறுகிறது என்றார்கள். பத்மா அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் வீடியோவைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாடாவைப் பின்னுக்குச் சுற்றினேன். ஓட்டினேன். நாலு விநாடி. ஐந்து பேர் துள்ளுகிறார்கள். ஓரத்தில், வெள்ளி நிறச் சட்டையில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, கன்னம் உப்ப, ஒரு பாண் (பிரெட்) துண்டைக் கடிக்கிறார். கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறார். என்ன நடந்ததென்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. நிறுத்தி வைத்தேன். படம் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் முகம் தெளிவு.

“இடக்கையாலயோ சாப்பிடுறான்!” என்றார் கவுன்சில் டாக்ஸ் மாமி.

“வலது கையில கூடு போட்டிருக்கு, மாமி” என்றார் பத்மா அக்கா, கண்ணை எடுக்காமல்.

உண்மை. தவில்காரர்கள் வலது கை விரல்களுக்கு மாட்டும் அந்த வெள்ளைக் கூடுகள், ஐந்து விரலிலும். சத்தம் வராத தவிலுக்கு அது எதற்கு?

“எண்டாலும் மெலிஞ்சுதான் போனார்” என்றார் பத்மா அக்கா. பிறகு, “இன்னொருக்கால் போடும், தங்கச்சி.”

போட்டேன். முப்பத்தொரு தடவை. அபி பதினெட்டாவது தடவையில் அம்மாவின் மடியில் தூங்கிப்போனாள்.

அந்த நாடு கடைசியிலிருந்து நாலாவதாக வந்தது. அந்த மூன்று நிமிடம் இன்னும் எங்களிடம் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் யாராவது பதிவு செய்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், கொப்பி எடுத்துவிட்டு நாடாவை நானே கொண்டுவந்து தருகிறேன். என் பட்டியலில் இப்போது பதினைந்து வரி. புதியதை முதலாவதாக வைத்திருக்கிறேன்: ‘மைக்கை ஒளிக்கவும்’.

அடுத்த நாள் ஞாயிறு மத்தியானம் கேதீஸ் அண்ணை போன் எடுத்தபோது நான் அங்கேதான் இருந்தேன், வீடியோவைக் கழற்ற வந்திருந்தேன். பாட்டைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று அவர் காத்திருந்திருக்க வேண்டும். பத்மா அக்கா ரிசீவரை எடுத்தார். எட்டு வருடக் கேள்வியை அன்று கேட்கவில்லை.

“அந்தப் பாணுக்குள்ள என்ன வச்சிருந்தவை?” என்று கேட்டார்.

மீனாம்.